படத்தை எங்கே நிறுத்துவது? நடுநிலைப் பள்ளி அறிவியலும் ஆசிரியர் பயிற்சியும்

தமிழ்நாட்டில் 2018 ஜூன் மாதம் ஆறாம் வகுப்பு மாணவர்களுக்குக் கிடைத்த புதிய அறிவியல் பாடநூலில், முந்தைய புத்தகங்களில் இல்லாத இரண்டு அம்சங்கள் இருந்தன. ஒன்று, கறுப்பு வெள்ளைக் கட்டமாக அச்சிடப்பட்டிருந்த கியூஆர் குறியீடு. கைப்பேசியில் அதைப் படம்பிடித்தால், மத்திய அரசு இணையவழிப் பாடங்களுக்காக நடத்தும் தீக்‌ஷா தளத்தில் அந்தப் பாடத்துக்குரிய காணொலி திறக்கும். மற்றொன்று, பாட இறுதியில் ‘இணையச் செயல்பாடு’ என்ற தலைப்பில் உரலியும் (இணைய முகவரி) படிப்படியான வழிமுறையும் கொண்ட பகுதி. அந்த ஆண்டு 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்கும் அடுத்த ஆண்டு மீதமுள்ள வகுப்புகளுக்கும் இத்தகைய நூல்கள் வந்தன. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. பெருந்தொற்றுக் காலத்தில் அது லட்சக்கணக்கான வீடுகளில் வகுப்பறையாக இருந்தது. 2023இல் மணற்கேணி என்ற பாடக் காணொலிச் செயலி வந்தது. 2024இல் தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கையடக்கக் கணினிகள் வழங்கப்பட்டன. நடுநிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் எனப்படும் கணினி ஆய்வகம் அமைக்கும் பணியும் நடந்தது.

ஆறாண்டுகளுக்குள் இத்தனை கருவிகள் வந்து சேர்ந்திருப்பது சிறிய செயல் அன்று. ஆனால் இவை ஒவ்வொன்றுடனும் வந்த ஆசிரியர் பயிற்சியை எடுத்துப் பார்த்தால், அதன் பெரும்பகுதி கருவியை இயக்குவதைப் பற்றியதாகவே இருந்திருக்கிறது. செயலியைப் பதிவிறக்குவது, கடவுச்சொல் போட்டு நுழைவது, பாடத்தைத் தேடி எடுப்பது, திரையில் காட்டுவது, காட்டியதைப் பதிவு செய்வது ஆகியவற்றுக்கே பயிற்சி நேரம் செலவாகிவிட்டது. காணொலி ஓடும்போது எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், நிறுத்தியதும் மாணவரிடம் என்ன கேட்க வேண்டும், அவர் தவறாகச் சொல்லும் விடையை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்பவை அநேகமாகப் பயிற்சிக்கு வெளியே நின்றுவிட்டன. பல்லூடகப் பாடம் பயன் தருவதும் பொழுதுபோக்காகக் கடந்து போவதும் இந்த இடத்தில்தான் தீர்மானமாகிறது என்பது என் கருத்து. இந்திய அனுபவமும் வெளிநாட்டு ஆய்வுகளும் அந்தத் திசையையே காட்டுகின்றன.

முதலில் நடுநிலைப் பள்ளியின் நிலையைச் சொல்லிவிட வேண்டும். ஐந்தாம் வகுப்பு வரை சூழ்நிலையை ஒட்டிப் பொதுவாகச் சொல்லப்படும் அறிவியல், ஆறாம் வகுப்பில் அளவீடுகள், விசையும் இயக்கமும், பருப்பொருள் என்று இயற்பியல், வேதியியல், உயிரியல் அலகுகளாகப் பிரிகிறது. இவை எல்லாவற்றையும் ஒரே பட்டதாரி ஆசிரியர் நடத்துகிறார். சிறிய பள்ளியாக இருந்தால் ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று வகுப்புகளுக்கும் அறிவியல் அவர் ஒருவருக்கே. அவர் கல்லூரியில் தாவரவியல் படித்தவராக இருந்தால், செல் பற்றிய பாடத்தில் புத்தகத்தைத் திறக்காமலே பேசுவார். மின்னியல் பாடம் வரும்போது தாம் பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ படித்ததை நினைவில் தேடுவார். அறிவியல் நூலிலேயே கணினிப் பாடமும் இருப்பதால் அதுவும் அவர் பொறுப்பு. இதற்கிடையே எமிஸ் என்ற கல்வித் துறைத் தகவல் தளத்தில் பள்ளி, மாணவர் விவரம் ஏற்றும் வேலையும் உண்டு. இத்தகைய ஆசிரியருக்கு ஐந்து நிமிடத்தில் மின்சுற்றை விளக்கிவிடும் காணொலி பெரிய ஆறுதல். தமக்குத் தயக்கமுள்ள பாடத்தைத் திரையிடம் ஒப்படைத்துவிட்டு ஓரமாக நிற்கலாம் என்ற எண்ணம் அவருக்கு வருவதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பயிற்சி அந்த இடத்தில் அவருக்குத் துணையாக வந்திருக்க வேண்டும்.

இந்தியாவில் ‘பல்லூடகத் தொகுப்பு’ என்ற பெயரிலேயே அறிவியல் ஆசிரியர் பயிற்சி நடந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆகிவிட்டது என்பதை இன்று பலர் மறந்துவிட்டோம். 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை, நாசாவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளைக் கடனாகப் பெற்று, ஆந்திரம், பீகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ஒடிசா, ராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு நேரடித் தொலைக்காட்சி ஒளிபரப்பை இஸ்ரோ நடத்தியது. ‘சைட்’ என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அந்தச் சோதனைக்கு அகமதாபாத்தின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் தலைமை ஏற்றது; அப்போது அதன் இயக்குநர் யஷ்பால். மூன்று மீட்டர் விட்டமுள்ள கம்பிவலை ஆண்டெனாவைக் கூரை மீதோ திண்ணை ஓரத்திலோ நிறுத்தி, கிராமத்துக்கு ஒரு பெட்டி வீதம் வைத்தார்கள். காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாலையில் பெரியவர்களுக்கு என நிகழ்ச்சிகள் பிரிக்கப்பட்டிருந்தன.

அந்த ஓராண்டில் பிள்ளைகளுக்கான ஒளிபரப்பைவிட அதிகக் கவனத்துக்குரியது ஆசிரியர்களுக்காக நடந்த 12 நாள் பயிற்சி. தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் தத்தம் பகுதியில் தொலைக்காட்சி உள்ள ஊரில் கூடினார்கள். திரையில் ஒரு நிகழ்ச்சி வரும். வானொலியில் அதன் தொடர்ச்சி வரும். கையில் அச்சிட்ட செயல்பாட்டு நூல் இருக்கும். அதை வைத்து ஆசிரியர்களே சோதனைகளைச் செய்து பார்த்து, உள்ளூர் வழிகாட்டியுடன் விவாதிப்பார்கள். தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுவான என்சிஇஆர்டி தயாரித்த இந்தத் தொகுப்பின் வழியாக 1975 அக்டோபரில் ஏறத்தாழ 24,000 ஆசிரியர்களும், மறுபடி நடத்தப்பட்டபோது அதே அளவு ஆசிரியர்களும் பயிற்சி பெற்றனர். தொலைக்காட்சி வந்ததால் பள்ளிச் சேர்க்கையோ வருகையோ கூடிவிடவில்லை என்று பின்னர் வந்த மதிப்பீடுகள் சொல்லின. பிள்ளைகளின் ஆர்வமும் மொழி வளமும் மேம்பட்டதாகவும் அவை குறித்தன. ஆசிரியர் பயிற்சியோ அந்தச் சோதனையின் வெற்றிகளில் ஒன்றாகவே பேசப்பட்டது. அந்த 12 நாளில் திரை ஒரு பகுதி மட்டுமே. மீதி நேரம் கையால் செய்வதற்கும் வாயால் பேசுவதற்கும் ஒதுக்கப்பட்டிருந்தது. 2004 செப்டம்பரில் கல்விக்கென்றே எடுசாட் செயற்கைக்கோள் ஏவப்பட்டபோது தொழில்நுட்பம் பல மடங்கு வளர்ந்திருந்தது. ஆயினும் பல இடங்களில் அது விரிவுரையைத் தொலைவிலிருந்து அனுப்பும் குழாயாகவே பயன்பட்டது.

சைட் தொடங்குவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, செயற்கைக்கோளோ திரையோ எதுவும் இல்லாமல், மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் வேறொரு முயற்சி தொடங்கியிருந்தது. கிஷோர் பாரதி என்ற அமைப்பும் ரசூலியாவில் இருந்த நண்பர்கள் கிராமிய மையமும் சேர்ந்து, மாநில அரசின் ஒப்புதலுடன் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் அறிவியல் கற்பித்தலை மாற்றி அமைத்தன. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகள்தாம் இலக்கு. அதாவது இந்தக் கட்டுரை பேசும் அதே பிள்ளைகள், அதே வயது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், டெல்லிப் பல்கலைக்கழகம் போன்றவற்றைச் சேர்ந்த விஞ்ஞானிகள் விடுமுறையில் வந்து உழைத்தார்கள். 1978இல் திட்டம் மாவட்டம் முழுவதற்கும் விரிந்தது. 1982இல் ஏகலவ்யா அமைப்பு உருவாகி அதைத் தாங்கிக்கொண்டது.

அங்கே பாடநூல் விடைகளைத் தரவில்லை. செய்ய வேண்டிய சோதனையையும் கேட்க வேண்டிய கேள்வியையும் மட்டும் தந்தது. மாணவர்கள் நால்வர் நால்வராக உட்கார்ந்து, பள்ளிக்கு அரசே அளித்த உபகரணப் பெட்டியிலிருந்து பொருள்களை எடுத்துச் சோதனை செய்து, கண்டதைக் குறிப்பேட்டில் எழுதினார்கள். இதை நடத்தும் ஆசிரியருக்குப் பயிற்சி என்பது கோடை விடுமுறையில் மூன்று வாரம். ஆறாம் வகுப்புக்கு ஓராண்டு, ஏழுக்கு அடுத்த ஆண்டு, எட்டுக்கு அதற்கடுத்த ஆண்டு. அந்த மூன்று வாரமும் ஆசிரியர் மாணவராகவே உட்கார்ந்து, தாம் வகுப்பில் செய்யப்போகும் அதே சோதனையை அதே பொருளைக்கொண்டு செய்தார். அது சரியாக வராதபோது ஏன் வரவில்லை என்று அங்கேயே சண்டை பிடித்தார். அதன் பிறகும் விட்டுவிடவில்லை. மாதந்தோறும் அருகிலுள்ள பள்ளியில் கூடி, அந்த மாதம் வகுப்பில் எது சொதப்பியது என்று பேசினார்கள். பயிற்றுநர்கள் பள்ளிக்கே வந்து பார்த்தார்கள். பிள்ளைகள் ‘சவாலிராம்’ என்ற கற்பனைப் பாத்திரத்துக்குத் தபால் எழுதிக் கேள்வி கேட்டார்கள், பதிலும் வந்தது. 2002இல் மாநில அரசு இத்திட்டத்தை நிறுத்தியது. அந்த முடிவைப் பற்றிய விவாதம் நீண்டது. அதற்குள் இங்கே போக வேண்டியதில்லை.

இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. ஒன்று கைக்குக் கிடைத்த மிகப் பெரிய ஊடகத்தைக் கையாண்டது. மற்றொன்று தீப்பெட்டியும் நூல்கண்டும் போதும் என்றது. ஆனால் ஆசிரியர் பாடத்தைத் தாமே செய்து பார்க்க நேரம் தர வேண்டும் என்பதில் இரண்டும் ஒரே கணக்கைப் போட்டன. இன்று நாம் ஊடகத்தை எடுத்துக்கொண்டு, அந்தக் கணக்கை விட்டுவிட்டோம்.

ஒரு பாடத்தை நெருங்கிப் பார்த்தால் இது விளங்கும். ஆறாம் வகுப்பின் மின்னியல் பாடத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு மின்கலம், ஒரு சிறிய விளக்கு, இரண்டு கம்பிகள். விளக்கு எரியும்படி இணைக்கச் சொன்னால், பதினோரு வயதுப் பிள்ளைகளில் கணிசமானோர் மின்கலத்தின் ஒரு முனையிலிருந்து ஒரே ஒரு கம்பியை விளக்கின் அடியில் தொட வைத்துவிட்டு, எரியவில்லையே என்று விழிப்பார்கள். வீட்டில் மின்விசிறிக்கும் கைப்பேசி மின்னேற்றிக்கும் வெளியே தெரிவது ஒரு வயர்தானே. இரண்டு கம்பி வேண்டும் என்று ஒப்புக்கொள்பவர்களிலும் சிலர், இரு முனைகளிலிருந்தும் மின்னோட்டம் புறப்பட்டு விளக்கில் மோதுவதால்தான் ஒளி வருகிறது என்று நினைப்பார்கள். இன்னும் பலர், மின்னோட்டம் ஒரு திசையில்தான் போகிறது, ஆனால் விளக்கு அதில் ஒரு பங்கைத் தின்றுவிடுவதால் திரும்பி வருவது குறைவாக இருக்கும் என்பார்கள். விளக்குக்கு முன்னும் பின்னும் மின்னோட்டம் ஒரே அளவுதான் என்பது கடைசியில் வரும் கருத்து. நியூசிலாந்தில் கல்வி ஆய்வாளர் ரோஜர் ஆஸ்போர்ன் 1980களின் தொடக்கத்தில் பிள்ளைகளிடம் பேசித் தொகுத்த எண்ணங்கள் இவை. அதன் பின் நாடுவிட்டு நாடு எங்கே கேட்டாலும் ஏறக்குறைய இதே நான்கும் வருகின்றன. கற்பிக்காததால் வந்த வெறுமை என்று இவற்றைச் சொல்ல முடியாது. பிள்ளை தன் அனுபவத்திலிருந்து தானே கட்டிக்கொண்ட விளக்கங்கள் இவை.

பெரும்பாலான காணொலிகள் இந்தப் பாடத்தை எப்படிக் காட்டுகின்றன? மின்கலத்திலிருந்து மஞ்சள் மணிகள் வரிசையாகப் புறப்பட்டுக் கம்பி வழியே ஓடி விளக்கை அடைகின்றன, விளக்கு பளிச்சென்று எரிகிறது, பின்னணியில் இசை, இனிய குரலில் வரையறை, திரையின் அடியில் அதே வரையறை எழுத்தாகவும் ஓடுகிறது. அதில் தவறு எதுவும் இல்லை. விளக்கு மின்னோட்டத்தைத் தின்கிறது என்று நம்பும் பிள்ளை அந்தக் காணொலியைப் பார்த்துவிட்டு, தான் நினைத்தது சரிதான் என்ற திருப்தியுடன் எழுந்துபோகும். மணிகள் விளக்கை நோக்கிப் போனதை அது கண்ணால் பார்த்தது. விளக்குக்கு அப்பால் எத்தனை மணிகள் போயின என்று யாரும் அதைக் கேட்கவில்லை.

அந்த இடத்தில், மணிகள் விளக்கைத் தாண்டும் முன், படத்தை நிறுத்த வேண்டும். மேலே சொன்ன நான்கு எண்ணங்களையும் கரும்பலகையில் நான்கு படங்களாக வரைந்து, எது சரி என்று கைதூக்கச் சொல்லி எண்ணிக்கையை எழுத வேண்டும். அதன் பிறகு ஒன்றையொன்று தொடரும்படி இரண்டு விளக்குகளை இணைத்து, இரண்டாவது விளக்கு மங்கலாக எரியுமா, அதே அளவில் எரியுமா என்று முன்கூட்டியே சொல்லச் செய்ய வேண்டும். தின்பதாக நம்பும் பிள்ளைகள் மங்கும் என்பார்கள். இணைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே அளவில் எரியும். இங்கே ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. கடையில் வாங்கும் டார்ச் பல்புகள் இரண்டு அச்சுப்பிசகாமல் ஒத்திருப்பது அரிது. ஒன்று சற்று மங்கலாகத் தெரிந்தால் தங்கள் கட்சி வென்றதாகப் பிள்ளைகள் ஆர்ப்பரிப்பார்கள். அப்போது இரண்டு விளக்குகளையும் இடம் மாற்றிப் பொருத்த வேண்டும். மங்கல் விளக்கோடு சேர்ந்து நகரும், இடத்தோடு நிற்காது. ஒரே மின்கலத்தில் இரண்டு விளக்குகள் கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கிவிடும் என்பதால் இரண்டு மின்கலங்கள் வேண்டும். இன்னொன்று: இப்போது டார்ச் எல்லாம் எல்இடி ஆகிவிட்டதால் இழை உள்ள பல்பு பல ஊர்க் கடைகளில் கிடைப்பதில்லை. அதற்குப் பதில் வெள்ளை எல்இடியை வாங்கிவந்தால், ஒரு மின்கலத்தின் 1.5 வோல்ட்டில் அது எரியாது. தலைகீழாக இணைத்தாலும் எரியாது. இவற்றைத் தெரியாத ஆசிரியர் ஒரு முறை முயன்று தோற்றால், மறுமுறை காணொலியை முழுதாக ஓடவிட்டுவிடுவார்.

இப்படிப்பட்ட தகவல் எந்தக் காணொலியிலும் இருக்காது. பயிற்சியில்தான் கைமாற வேண்டும்.

ஆய்வுகள் இதற்கு வலு சேர்க்கின்றன. அமெரிக்காவில் பிலிப் சாட்லரும் அவருடைய குழுவினரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு, நடுநிலை வகுப்புகளின் 181 அறிவியல் ஆசிரியர்களையும் அவர்களிடம் படித்த 9,556 மாணவர்களையும் உள்ளடக்கியது. மாணவர் எழுதிய அதே தேர்வை ஆசிரியரும் எழுதினார். கூடவே, ஒவ்வொரு வினாவிலும் மாணவர்கள் மிகுதியாகத் தேர்ந்தெடுக்கப்போகும் தவறான விடை எது என்றும் குறிக்கச் சொன்னார்கள். சரியான விடை பெரும்பாலான ஆசிரியர்களுக்குத் தெரிந்திருந்தது. மாணவரின் தவறான விடையை முன்கூட்டிக் கணித்தவர்கள் அதைவிட மிகக் குறைவு. அப்படிக் கணித்த ஆசிரியர்களிடம் படித்தவர்கள், பிழைக் கருத்து ஆழமாக ஊன்றியிருந்த வினாக்களில் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். பாடத்தை அறிந்திருப்பது தேவை. பிள்ளை எங்கே இடறும் என்று அறிந்திருப்பது அதற்கு மேல் தேவை.

காணொலியைப் பற்றியே நேரடியாக ஆராய்ந்தவர் டெரெக் முல்லர். பின்னாளில் வெரிடாசியம் என்ற அறிவியல் யூடியூப் அலைவரிசையால் உலகறிந்தவர். சிட்னி பல்கலைக்கழகத்தில் 2008இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வில், ஒரே இயற்பியல் கருத்தைப் பல வகைக் காணொலிகளாக எடுத்துக் காட்டினார். சுருக்கமாகவும் தெளிவாகவும் விளக்கிய காணொலியை மாணவர்கள் பாராட்டினார்கள், எளிதாகப் புரிந்தது என்றார்கள்; தேர்வில் பெரிதாக முன்னேறவில்லை. பிழைக் கருத்தை முதலில் ஒருவர் சொல்ல, மற்றவர் அதை மறுத்து உரையாடும் காணொலியைப் பார்த்தவர்கள் குழப்பமாக இருந்தது என்றார்கள்; அவர்களே அதிகம் கற்றிருந்தார்கள். பயிற்சி முடிவில் நிரப்பப்படும் பின்னூட்டப் படிவங்களில் ‘தெளிவாக இருந்தது’, ‘மிகவும் பயனுள்ளதாக இருந்தது’ என்று வரும் விடைகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதற்கும் இது பதில் சொல்கிறது.

திரையைக் குறைத்துப் பேசுவதாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. கையால் செய்ய முடியாதவையும் கண்ணால் காண முடியாதவையும் நடுநிலைப் பாடத்திட்டத்தில் நிறைய உள்ளன. திண்மத்தில் துகள்கள் அதிர்வதையும், நிலவின் பிறைகள் எங்கிருந்து பார்ப்பதால் தோன்றுகின்றன என்பதையும், செல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதையும் படம் இல்லாமல் சொல்வது கடினம். கொலராடோ பல்கலைக்கழகத்தில் கார்ல் வைமன் 2002இல் தொடங்கிய, சோதனையைக் கணினித் திரையில் நிகழ்த்திப் பார்க்கும் ஃபெட் உருவகச் செயலிகள், மாணவரே மாறிகளைத் திருகிப் பார்க்க இடம் தருகின்றன. அவற்றில் தமிழாக்கம் பெற்றவையும் உண்டு. அதே பல்கலைக்கழகத்தில் 2005இல் வெளியான ஓர் ஆய்வில், உண்மையான கம்பிகளுக்குப் பதில் மின்சுற்று உருவகத்தில் பயின்ற கல்லூரி மாணவர்கள், பின்னர் உண்மையான சுற்றை அமைத்து விளக்குவதிலும் மற்றவர்களை முந்தினார்கள். ஆகவே பொம்மைச் சுற்று என்று ஒதுக்குவதும் சரியில்லை. அங்கே மாணவர் பார்வையாளராக இல்லாமல் ஒவ்வொரு இணைப்பையும் தாமே செய்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். நம் பாடநூல்களின் ‘இணையச் செயல்பாடு’ பக்கங்கள் இத்தகைய உருவகங்களை நோக்கிச் சுட்டியவைதாம். அவற்றில் தரப்பட்ட படிகள் எங்கே சொடுக்குவது என்று சொல்வதோடு நின்றுவிடாமல், சொடுக்கும் முன் என்ன நிகழும் என்று ஊகிக்கச் சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

காணொலித் தயாரிப்பாளர்கள் கவனிக்க வேண்டியதையும் ஒரு வரியில் சொல்லலாம். கலிஃபோர்னியாவின் உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் பல்லாண்டு நடத்திய பரிசோதனைகள், பேசுவதையே எழுத்தாகவும் ஓடவிடுவதும் தொடர்பில்லாத இசையும் அலங்காரமும் சேர்ப்பதும் கற்றலைக் குறைக்கின்றன என்று காட்டியுள்ளன. நம் காணொலிகளில் மிகுதியாக இருப்பவை இவைதாம்.

இனி இன்றைய பயிற்சி முறைக்கு வருவோம். 1986 கல்விக் கொள்கைக்குப் பின் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் உருவாயின. பின்னர் வட்டார வள மையங்களும் குறுவள மையங்களும் வந்தன. மாநில அளவில் சிலருக்குப் பயிற்சி, அவர்கள் மாவட்டக் கருத்தாளர்களுக்கு, மாவட்டக் கருத்தாளர்கள் ஒன்றியத்துக்கு, அங்கிருந்து ஆசிரியருக்கு என்று படிப்படியாக இறங்கும் அடுக்கு இது. ஐந்து நாள் பயிற்சி கீழே வரும்போது இரண்டு நாளாகும். சோதனை செய்து காட்டிய அமர்வு கீழே வரும்போது அந்தச் சோதனையின் படம் போட்ட பவர்பாயிண்ட் ஆகும். பல்லாயிரம் ஆசிரியர்களை அடைய வேறு வழி இல்லை என்ற நிர்வாக வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் ஒவ்வொரு படியிலும் முதலில் உதிர்வது கைச்செயலும் விவாதமும்தான். கடைசி வரை தப்பிப் பிழைப்பது வருகைப் பதிவும் குழுவாக நின்று எடுத்து வாட்ஸ்அப்பில் ஏற்றும் ஒளிப்படமும்.

இந்த உதிர்வைத் தவிர்க்கவே இணையவழிப் பயிற்சி வந்தது. 2019 ஆகஸ்டில் மத்திய அரசு தொடங்கிய நிஷ்தா ஆசிரியர் பயிற்சித் திட்டம், பெருந்தொற்றின்போது 2020 அக்டோபரில் தீக்‌ஷா தளத்துக்கு மாறி, தொடக்க நிலை ஆசிரியர்களுக்கு 18 பாடத்தொகுதிகளாக வந்தது. மேலிருந்து வரும் உள்ளடக்கம் ஒன்றும் குறையாமல் கடைசி ஆசிரியர் வரை சேர்ந்தது. ஆனால் அங்கும் காணொலியைப் பார், வினாடி வினாவுக்கு விடையளி, சான்றிதழைப் பதிவிறக்கு என்ற வரிசையே நிலைத்தது. மாணவரைத் திரை முன் சும்மா உட்கார வைக்கக் கூடாது என்று ஆசிரியருக்குச் சொல்லும் பாடத்தையே, ஆசிரியரைத் திரை முன் சும்மா உட்கார வைத்து நடத்தினோம். ஆண்டுக்கு 50 மணி நேரத் தொழில்முறை மேம்பாடு என்று 2020 தேசியக் கல்விக் கொள்கை சொல்வதும், மணிக்கணக்கை எட்டுவதே நோக்கமாகிவிட்டால் இதே வழியில்தான் போகும்.

தமிழ்நாட்டில் வேறொரு வகை முயற்சியும் உண்டு. 2022 நவம்பர் 28 அன்று திருச்சியில் முதலமைச்சர் தொடங்கிவைத்த வானவில் மன்றம், அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வரை படிக்கும் மாணவர்களுக்கானது. கருத்தாளர்கள் எளிய பொருள்களுடன் பள்ளிக்குப் பள்ளி சென்று அறிவியல், கணிதச் செயல்பாடுகளைச் செய்து காட்டுகிறார்கள். 13,210 பள்ளிகள் இதில் அடங்கும் என அப்போது அறிவிக்கப்பட்டது. பிள்ளைகளுக்கு இது கொண்டாட்டம். ஆயினும் கருத்தாளர் வந்து செய்துவிட்டுப் போகும்போது வகுப்பு ஆசிரியர் ஓரத்தில் பார்வையாளராக நின்றால், காணொலிக்கு நேர்ந்த அதே நிலை மனிதர் வழியாகவும் நேரும். கருத்தாளரும் ஆசிரியரும் முன்கூட்டியே உட்கார்ந்து அந்த மாதப் பாடத்துக்குரிய செயல்பாட்டைச் சேர்ந்து திட்டமிட்டு, வகுப்பை ஆசிரியரே நடத்தினால், அது மாதந்தோறும் பள்ளியிலேயே நடக்கும் பயிற்சியாகிவிடும். ஹோஷங்காபாத்தில் பயிற்றுநர்கள் பள்ளிக்கு வந்தது அப்படித்தான்.

உபகரணப் பெட்டியைப் பற்றி ஒரு கிளைக்குறிப்பு. நடுநிலைப் பள்ளிகளுக்கு அறிவியல் உபகரணங்கள் அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கின்றன. அவை பீரோவிலேயே தங்கிவிடுவதற்குச் சோம்பல் காரணம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சொல்வார்கள். இருப்புப் பதிவேட்டில் ஏறிய ஒரு குவளை உடைந்தால் தணிக்கையின்போது யார் பதில் சொல்வது என்ற கவலையை அவர்கள் பார்ப்பதில்லை. உடையும், தேயும், தீரும் பொருள்களை ஆண்டுதோறும் நிரப்பித் தருவது திட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தால்தான் பெட்டி திறக்கும்.

மாதக் கூட்டத்துக்கான இடம் இப்போதும் இருக்கிறது. குறுவள மையத்தில் அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் ஒரு சனிக்கிழமை கூடும் வழக்கம் நடைமுறையில் உள்ளதே. அங்கே மாநிலத்திலிருந்து வந்த காணொலியை முழுதாகப் போட்டுக்காட்டுவதற்குப் பதில், அடுத்த மாதம் நடத்தப்போகும் ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொள்ளலாம். அதன் காணொலியைப் பத்துப் பதினைந்து அறிவியல் ஆசிரியர்கள் சேர்ந்து பார்த்து, எந்த நொடியில் நிறுத்துவது, என்ன கேட்பது, பிள்ளைகள் என்னென்ன தவறான விடை சொல்வார்கள் என்று எழுதலாம். மின்னியல் பாடத்தில் தடுமாறும் தாவரவியல் ஆசிரியருக்குப் பக்கத்துப் பள்ளி இயற்பியல் ஆசிரியர் கைகொடுப்பார். செல் பாடம் வரும்போது கொடுக்கல் வாங்கல் திரும்பும். அடுத்த கூட்டத்தில், உண்மையில் பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்பதைக் கொண்டுவந்து ஒப்பிடலாம். இதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம். அந்தச் சனிக்கிழமையை வேறு அறிவிப்புகளுக்கும் அவசரப் புள்ளிவிவரச் சேகரிப்புக்கும் எடுத்துக்கொள்ளாத கட்டுப்பாடு வேண்டும். நடைமுறையில் அதுதான் கருவியைவிட அரிது.

எல்லாவற்றுக்கும் மேல் தேர்வு இருக்கிறது. ஹோஷங்காபாத்தில் தேர்வும் மாறியது: புத்தகத்தையும் குறிப்பேட்டையும் திறந்து வைத்து எழுதினார்கள், செய்முறைத் தேர்வும் உண்டு. ஆகவே வகுப்பில் சோதனை செய்யாமல் கடத்திய ஆசிரியரின் மாணவர்கள் தேர்வில் தனித்துத் தெரிந்தார்கள். நம் பருவத் தேர்வில் ‘மின்சுற்று – வரையறு’ என்ற இரண்டு மதிப்பெண் வினா வந்துகொண்டிருக்கும் வரை, காணொலியின் கடைசியில் திரையில் நிற்கும் வரையறையைப் படியெடுக்கச் சொல்வதே ஆசிரியருக்கு அறிவார்ந்த செயல். படத்தை நிறுத்தி விவாதிப்பவர் தம் மாணவர்களுக்கு மதிப்பெண் இழப்பை வரவழைப்பவராகிறார். 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு வினாத்தாள் பெரும்பாலும் மேலிருந்தே வருவதால், இதை மாற்றுவது ஆசிரியர் கையில் இல்லை. மாநில அளவில் வினா எழுதுவோர் கையில் இருக்கிறது. இரண்டு விளக்குகள் தொடராக இணைந்த படத்தைக் கொடுத்து, ‘இரண்டாவது விளக்கு மங்கலாக எரியும் என்கிறாள் கயல்விழி. அவள் ஏன் அப்படி நினைத்திருப்பாள்? அவளுக்கு எப்படிச் செய்து காட்டுவாய்?’ என்று கேட்கும் வினாவை எழுத ஒரு கருத்தாளருக்கு அரை மணி நேரம் போதும். பருவத்துக்கு இரண்டு இத்தகைய வினாக்கள் வரும் என்று ஜூன் மாதமே அறிவித்தால், குறுவள மையக் கூட்டத்தில் எதைப் பேசுவது என்று தனியே சுற்றறிக்கை அனுப்ப வேண்டியிருக்காது.